ராஜா முதலில், சிப்பாய் அப்புறம்

"ஆப்போசிஷன் தெரிந்தால் போதும், சிப்பாய் எண்ட்கேம் கைக்கு வந்துவிடும்." செஸ் சொல்லிக் கொடுப்பவர்கள் பலர் இப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எண்ட்கேம் என்றால் பெரும்பாலான காய்கள் வெட்டுப்பட்ட பின் மிஞ்சும் ஆட்டத்தின் கடைசிப் பகுதி. இரண்டு ராஜாக்களும் நேருக்கு நேர், நடுவில் ஒரே ஒரு கட்டம். யாருடைய முறையோ அவர் வழிவிட்டாக வேண்டும்; ஆப்போசிஷன் மற்றவரிடம் என்பார்கள். கொஞ்ச நேரத்திலேயே விளங்கிவிடுகிற விஷயம். ஆனால் இதை நன்றாகப் படித்து வைத்திருப்பவர்கள், நிஜ ஆட்டத்தில் ராஜாவும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சியதும் தடுமாறுவதை அடிக்கடி பார்க்கிறேன். விதி அவர்களுக்கு மறந்துபோவதில்லை. நினைவு வைத்துக்கொண்டு, எதிர் ராஜாவின் முகத்துக்கு நேரே போய் நிற்கிறார்கள். நின்ற பிறகு என்ன செய்வது என்பதுதான் தெரிவதில்லை. அந்தப் பாடத்தில் ஏதோ ஒன்று முன்பின்னாக மாறியிருக்கிறது என்று எனக்கு நீண்ட நாளாக ஓர் உறுத்தல். அதை எழுதிப் பார்த்தால் தெளியும் என்றுதான் இந்தப் பதிவு.

எண்ட்கேமை ஏன் முதலில் படிக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 1921 முதல் 1927 வரை உலக சாம்பியனாக இருந்த காப்பாபிளாங்கா, மற்ற எதற்கும் முன்பு எண்ட்கேமைப் படிக்கச் சொன்னவர். அதற்குப் பலரும் சொல்லும் காரணம், காய்கள் குறைவு, ஆகவே எளிது என்பது. எனக்கு இந்தக் காரணம் ஒப்பவில்லை. காய்கள் குறைவதால் எளிதாவதில்லை, கண்டிப்பு கூடுகிறது. மிடில் கேமில் ஒரு சுமாரான மூவ் போட்டால் அடுத்த ஐந்தாறு மூவில் சரிக்கட்டிவிடலாம். ராஜாவும் சிப்பாயும் மட்டும் இருக்கும் பலகையில் ஒரு மூவ் பிசகினால் வெற்றி டிராவாகிறது, டிரா தோல்வியாகிறது. நடுவில் எதுவும் கிடையாது. முதலில் படிக்க வேண்டும் என்று நான் நினைப்பதற்குக் காரணம் இந்தக் கண்டிப்புதான்.

மூன்றே காய்கள்

ஒரு வெள்ளை ராஜா, ஒரு வெள்ளைச் சிப்பாய், ஒரு கறுப்பு ராஜா. இதைவிடக் குறைவாக வைத்துக்கொண்டு ஜெயிக்கப் பார்க்க முடியாது. இந்த மூன்று காய்களுக்கு எத்தனை நிலைகள்? இடமும் வலமும் கண்ணாடி பிம்பம் என்பதால் சிப்பாயை நான்கு ஃபைல்களில் (நெடுக்கு வரிசைகளில்) மட்டும் வைத்துப் பார்த்தால் போதும்; ஆறு ரேங்க் (குறுக்கு வரிசை), ஆக 24 கட்டங்கள். ராஜாக்களுக்கு ஆளுக்கு 64. யாருடைய முறை என்பதற்கு 2. பெருக்கினால் 1,96,608. இதில் விதிப்படி வரவே முடியாத நிலைகளும் அடக்கம். ஒவ்வொன்றுக்கும் வெற்றியா டிராவா என்று ஒரு பிட் ஒதுக்கினால் மொத்தம் 24 கிலோபைட். செஸ் எஞ்சின்கள் இந்த அட்டவணையைக் கையோடு வைத்துக்கொண்டு விடை சொல்கின்றன.

நமக்கு அது முடியாது. அத்தனை நிலைகளையும் ஒருசில கருத்துகளுக்குள் மடக்கிக்கொள்ள வேண்டும். எந்தக் கருத்தை முன்னால் வைப்பது என்பதுதான் கேள்வி. எல்லாரும் ஆப்போசிஷனை வைக்கிறார்கள்.

அக்கா மகளுக்கு ஒரு சாயங்காலம் இதைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பலகையில் வெள்ளை ராஜா இ4, சிப்பாய் இ2, கறுப்பு ராஜா இ6 (எழுத்து ஃபைலையும் எண் ரேங்கையும் குறிக்கும்). வெள்ளையின் முறை. அவள் உடனே சொன்னாள்: "நேருக்கு நேர். நான்தான் நகரணும். அப்போ ஆப்போசிஷன் கறுப்புக்கு. டிரா." சொல்லிக் கொடுத்த விதிப்படி அவள் சொன்னது சரி. நான் சிப்பாயை இ3-க்கு ஒரு கட்டம் தள்ளினேன். ராஜாக்கள் அதே இடத்தில். இப்போது நகர வேண்டியது கறுப்பு. டி6 போனால் வெள்ளை ராஜா எஃப்5-க்கு ஏறும், எஃப்6 போனால் டி5-க்கு ஏறும், வேறு எங்கே ஒதுங்கினாலும் இ5 திறந்துவிடும். வெள்ளை ஜெயிக்கிறது. அவள் பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டாள்: "சரி மாமா, எதிர்ல நின்னு அது வழி விட்டாச்சு. அது வழி விட்டா நான் எங்க போகணும்?"

இந்தக் கேள்வியில்தான் என் உறுத்தலுக்குப் பேர் கிடைத்தது. ஆப்போசிஷன் என்பது வாசலில் நிற்கும் ஆளை நகர்த்தும் வித்தை. எந்த வீட்டுக்குள் போக வேண்டும் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டாமா? அதைச் சொல்லாமல் ஆளை நகர்த்தும் வித்தையை மட்டும் சொல்லிக் கொடுத்தால், எந்த வாசல் என்று தெரியாமலே ஆளை நகர்த்திக்கொண்டிருப்போம்.

எந்தக் கட்டம் வேண்டும்?

அந்த வீட்டுக்கு ஒரு முகவரி உண்டு. முக்கியக் கட்டங்கள் என்பார்கள். வெள்ளை ராஜா அந்தக் கட்டங்களில் ஒன்றில் ஏறிவிட்டால், யாருடைய முறையாக இருந்தாலும், கறுப்பு ராஜா எங்கே இருந்தாலும், சிப்பாயைச் சும்மா வெட்டுக்கொடுக்காதவரை அது எட்டாம் ரேங்கை அடைந்து ராணியாகும். சிப்பாய் இரண்டாம், மூன்றாம், நான்காம் ரேங்கில் இருக்கும்போது அதற்கு இரண்டு ரேங்க் முன்னால் உள்ள மூன்று கட்டங்கள்தான் அவை. இ4 சிப்பாய்க்கு டி6, இ6, எஃப்6. இ2 சிப்பாய்க்கு டி4, இ4, எஃப்4. சிப்பாய் ஐந்தாம் ரேங்கைத் தொட்டுவிட்டால் பட்டியல் நீள்கிறது: இ5 சிப்பாய்க்கு டி6, இ6, எஃப்6, அதற்கு மேலே டி7, இ7, எஃப்7, ஆக ஆறு.

இப்போது என் அக்கா மகளுக்கு வைத்த நிலையைத் திரும்பப் பாருங்கள். இ2 சிப்பாய், வெள்ளை ராஜா ஏற்கெனவே இ4-இல், முக்கியக் கட்டத்தின் மேலேயே நிற்கிறது. ஆப்போசிஷன் யாரிடம் என்று கேட்கவே தேவையில்லை. வீட்டுக்குள் போயாகிவிட்டது. இதே ராஜாக்கள் இதே இடத்தில், ஆனால் சிப்பாய் இ3-இல் என்று வைத்து, வெள்ளையின் முறை என்றால் கதை மாறுகிறது. இ3-இன் முக்கியக் கட்டங்கள் டி5, இ5, எஃப்5. வெள்ளை அங்கே இன்னும் ஏறவில்லை. ஏற விடாமல் கறுப்பு தடுக்கும்: நீ டி4 போனால் நான் டி6, நீ எஃப்4 போனால் நான் எஃப்6. டிரா. ஆப்போசிஷனுக்கு உண்மையான வேலை இருப்பது இங்கேதான். முக்கியக் கட்டத்தின் வாசலில் இரு ராஜாக்களும் மல்லுக்கட்டும்போது, உள்ளே யார் போகிறார்கள் என்பதைத் தீர்மானிக்கும் கருவி அது.

இன்னொன்றையும் கவனியுங்கள். சிப்பாய் இ2-இல் இருந்தால் வெற்றி, ஒரு கட்டம் முன்னேறி இ3-இல் இருந்தால் டிரா. முன்னால் போன சிப்பாய் மதிப்புக் குறைந்த சிப்பாய்! செஸ் கற்றுக்கொள்ளும் எவருக்கும் இது இயல்புக்கு மாறாகத் தோன்றும். சிப்பாய் என்றால் எட்டாம் ரேங்குக்கு ஓட வேண்டியது, எவ்வளவு கிட்டே போகிறதோ அவ்வளவு நல்லது என்று கை தானாக நினைக்கிறது. ஆனால் ராஜாவுக்குப் பின்னால் நகராமல் இருக்கும் சிப்பாயிடம் ஒரு மூவ் சேமிப்பில் இருக்கிறது. வேண்டிய நேரத்தில் எடுத்துச் செலவழிக்கலாம். முன்கூட்டியே தள்ளிவிட்டால் அந்தச் சேமிப்பு போய்விடும், திரும்ப வராது, ஏனென்றால் பலகையில் பின்னால் போகத் தெரியாத ஒரே காய் சிப்பாய்தான். ராஜா முன்னே, சிப்பாய் பின்னே என்று பெரியவர்கள் சொல்வதன் கணக்கு இதுதான்.

எதிர்ப்பக்க உதாரணமும் வேண்டும். வெள்ளை ராஜா இ6, சிப்பாய் இ5, கறுப்பு ராஜா இ8, வெள்ளையின் முறை. ஆப்போசிஷன் கறுப்பிடம். ஆப்போசிஷனை மட்டும் பாடம் பண்ணியவர் இதை டிரா என்று கை குலுக்கி எழுந்துவிடக்கூடும். ஆனால் வெள்ளை ராஜா டி6, கறுப்பு டி8, சிப்பாய் இ6, கறுப்பு இ8, சிப்பாய் இ7, கறுப்பு எஃப்7, வெள்ளை ராஜா டி7. முடிந்தது. இ6 முக்கியக் கட்டம், அதில் ராஜா நின்றபோதே முடிந்துபோன ஆட்டம் இது.

ஓரத்துச் சிப்பாய் மட்டும் இந்தக் கணக்குக்கு அடங்காது. ஏ ஃபைல் சிப்பாய்க்கு முக்கியக் கட்டங்கள் பி7, பி8 இரண்டே. கறுப்பு ராஜா ஏ8 மூலைக்கு வந்துவிட்டால் எத்தனை ஆப்போசிஷன் எடுத்தாலும் பயனில்லை, ஸ்டேல்மேட்டில் (செக் இல்லை, ஆனால் நகரவும் வழியில்லை; அதனால் டிரா) போய் முடியும். வெள்ளை ராஜா தன் சிப்பாய்க்கு முன்னால் ஏ ஃபைலில் மாட்டிக்கொண்டு, கறுப்பு ராஜா சி7, சி8 என்று வாசலில் நின்றாலும் அதே டிராதான்.

தடுப்பவரின் பக்கம்

இவ்வளவு சொன்னதால் ஆப்போசிஷனைக் குறைத்து மதிப்பிடுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். தடுத்து ஆடுபவருக்கு அதுதான் உயிர்நாடி. வெள்ளை ராஜா இ5, சிப்பாய் இ6, கறுப்பு ராஜா இ7-இல் சிப்பாயை மறித்துக்கொண்டு நிற்கிறது, கறுப்பின் முறை. பின்வாங்க மூன்று கட்டங்கள்: டி8, இ8, எஃப்8. பார்வைக்கு மூன்றும் ஒன்று போலத்தான் இருக்கின்றன. நேராக இ8-க்குப் பின்வாங்கினால், வெள்ளை டி6 வரும்போது டி8, எஃப்6 வரும்போது எஃப்8 என்று எதிரே போய் நிற்கலாம். டி6, டி8 ஆனபின் சிப்பாய் இ7-க்கு செக்குடன் வருகிறது, கறுப்பு இ8, வெள்ளை ராஜா சிப்பாயைக் காக்க இ6, ஸ்டேல்மேட். அவசரப்பட்டு டி8-க்குப் போயிருந்தால் வெள்ளை டி6 வந்து எதிரே நிற்கும். கறுப்பு இ8, சிப்பாய் செக் இல்லாமல் இ7, கறுப்பு எஃப்7, வெள்ளை டி7, ராணி. எஃப்8-க்குப் போனாலும் இதே கதைதான், மறுபக்கத்தில்.

"ஏழாம் ரேங்குக்கு சிப்பாய் செக்குடன் போனால் டிரா, செக் இல்லாமல் போனால் வெற்றி" என்று ஒரு சூத்திரம் புழக்கத்தில் இருக்கிறது. கிடைக்கும் நேரத்தில் சட்டென்று சரிபார்த்துக்கொள்ள அது நல்லது. ஆனால் அது விளைவைச் சொல்கிறது. நான்கு மூவுக்கு முன்னால், இ7-இல் நிற்கும்போதே எங்கே பின்வாங்க வேண்டும் என்பதை அது சொல்லாது. இந்த மாதிரிச் சூத்திரங்களை மட்டும் சேர்த்து வைத்துக்கொண்டு எண்ட்கேம் தெரியும் என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

நகர வேண்டியிருப்பதே தண்டனையாகும்போது

வெள்ளை ராஜா எஃப்5, சிப்பாய் இ4. கறுப்பு ராஜா டி4, சிப்பாய் இ5. இரு ராஜாக்களும் ஒரே சமயத்தில் தன் சிப்பாயைக் காத்துக்கொண்டு, எதிரியின் சிப்பாயைக் குறிவைத்து நிற்கின்றன. யாருடைய முறையோ அவர் தன் சிப்பாயை விட்டு நகர வேண்டும், சிப்பாயை இழக்க வேண்டும், ஆட்டத்தையும் இழக்க வேண்டும். இதுதான் சுக்ஸ்வாங்கின் மிகச் சுத்தமான வடிவம். மற்ற எண்ட்கேம்களில் ரூக்கையோ பிஷப்பையோ சும்மா ஒரு கட்டம் நகர்த்தி முறையை எதிராளியிடம் தள்ளிவிடலாம். இங்கே அந்த வசதி இல்லை. அதனால்தான் சிப்பாயிடம் சேமிப்பில் இருக்கும் ஒரே ஒரு மூவ்கூட இத்தனை விலைபோகிறது.

சிப்பாய் மூவ் எல்லாம் தீர்ந்துவிட்டால் ராஜாவே ஒரு மூவைச் சுற்றி வீணாக்கியாக வேண்டும். 1912-இல் ஃபார்னிக்கும் அலாப்பினுக்கும் நடந்த ஆட்டத்தின் முடிவு இதற்கு எல்லாப் பாடங்களிலும் வரும் உதாரணம். வெள்ளை ராஜா டி5, சிப்பாய்கள் ஏ5, சி6. கறுப்பு ராஜா சி8, சிப்பாய் ஏ6. இதே நிலையில் கறுப்பின் முறையாக இருந்தால் வெள்ளைக்கு வெற்றி: சி7 போனால் வெள்ளை சி5 வந்து பி6-க்கு ஏறி ஏ6-ஐ வெட்டும், டி8 போனால் டி6 வந்து சிப்பாயைத் தள்ளும். ஆனால் முறை வெள்ளையுடையது. நேராகப் போனால் எதுவும் நடக்காது. டி6-க்குப் போய் டி8, சி7 செக், சி8, சி6 என்றால் ஸ்டேல்மேட்.

வெள்ளை என்ன செய்கிறது? ராஜா டி5-இலிருந்து டி4-க்கு இறங்குகிறது. கறுப்பு டி8 (பி8 போனாலும் வித்தியாசம் இல்லை). வெள்ளை சி4. கறுப்பு சி8. வெள்ளை மறுபடி டி5. காய்கள் எல்லாம் பழைய இடத்தில், ஆனால் இப்போது கறுப்பின் முறை. வெள்ளை ராஜா மூன்று மூவில் ஒரு முக்கோணம் போட்டுத் திரும்பியது. கறுப்பு ராஜாவுக்கு அந்த முக்கோணத்துக்கு இடமில்லை, சி8-க்கும் பக்கத்துக் கட்டத்துக்கும் இடையே ஊசலாட மட்டுமே முடிந்தது. முதல் தடவை இதைப் பலகையில் கையால் வைத்து ஆடிப் பார்த்தபோது எனக்குப் பெரிய சந்தோஷம். ஒரு செக் இல்லை, ஒரு வெட்டு இல்லை, பின்னால் போய்த் திரும்பி வந்ததில் ஆட்டம் ஜெயித்துவிட்டது.

சாய்ந்து நடக்கும் ராஜா

ராஜா இ1-இலிருந்து இ8-க்குப் போக ஏழு மூவ் வேண்டும். நேராகப் போனாலும் ஏழு. டி, சி, பி ஃபைல்கள் வரை வளைந்து திரும்பினாலும் ஏழுதான். இப்படி ஏழே மூவில் போய்ச் சேரும் வழிகள் மொத்தம் 393. நாம் தரையில் நடக்கும் கணக்கு பலகையில் செல்லாது. சாய்வாக வைக்கும் ஒரு அடி, நேராக வைக்கும் ஒரு அடிக்குச் சமம். அப்படியென்றால் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களை நோக்கி நடக்க முடியும்.

1921-இல் செஸ் ஆட்டக்காரர் ரிச்சர்ட் ரெட்டி வெளியிட்ட நிலை இந்த ஒரே எண்ணத்தின் மேல் நிற்கிறது. வெள்ளை ராஜா எச்8 மூலையில், சிப்பாய் சி6. கறுப்பு ராஜா ஏ6, சிப்பாய் எச்5. வெள்ளை ஆடி டிரா செய்ய வேண்டும். பார்த்தால் நம்ப முடியாது. கறுப்புச் சிப்பாயைத் துரத்தினால் இரண்டு மூவ் பிந்திவிடும். தன் சிப்பாயைக் காக்கப் போனால் கறுப்பு ராஜா இரண்டே எட்டில் அதை வெட்டிவிடும். தனித்தனியாக இரண்டும் நடக்காது. ரெட்டியின் விடை: ராஜா ஜி7, எஃப்6, இ5 என்று சாய்வாக இறங்குகிறது. ஒவ்வொரு அடியும் கறுப்புச் சிப்பாய் ராணியாகும் எச்1 கட்டத்தை நோக்கியும் தன் சிப்பாயை நோக்கியும் ஒரே சமயத்தில் நெருங்குகிறது. ஜி7-க்குக் கறுப்பு எச்4, எஃப்6-க்குக் கறுப்பு ராஜா பி6, அப்போது வெள்ளை இ5. இனி கறுப்பு சி6-ஐ வெட்டினால் வெள்ளை எஃப்4 வந்து சிப்பாயைப் பிடித்துவிடும். வெட்டாமல் எச்3 தள்ளினால் வெள்ளை டி6, எச்2, சி7, கறுப்பு பி7, வெள்ளை டி7, இரண்டு பக்கமும் ராணி, டிரா.

இது யாரோ உட்கார்ந்து கற்பனை செய்த புதிர், நிஜ ஆட்டத்தில் வராது என்று சிலர் சொல்வார்கள். வரும். ரெட்டிக்கு முன்பே, 1914-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் டாராஷுக்கு எதிராக லாஸ்கர் இதே எண்ணத்தை வைத்துத்தான் தோற்க வேண்டிய ஒரு சிப்பாய் எண்ட்கேமை டிரா செய்தார். தன் ராஜா எட்ட முடியாத தூரத்தில் இருக்கிறது என்று பார்த்தவுடன் கைவிடுகிறவர்கள், அது ஒரே அடியில் இரண்டு வேலை செய்ய வழி இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டுக் கைவிடலாம். எனக்கு ரெட்டியின் நிலை பிடித்துப்போனதற்கும் காரணம் உண்டு. அங்கே ஆப்போசிஷன் என்ற சொல்லுக்கே வேலையில்லை. ராஜா எங்கே போக வேண்டும் என்ற கேள்வி மட்டும் இருக்கிறது. அதற்கு விடை இரண்டு இடங்கள்.

திரும்ப முடியாத வாசல்

இதெல்லாம் ஆட்டத்தில் எப்போது கைகொடுக்கிறது என்றால், சிப்பாய் எண்ட்கேம் வந்த பிறகு இல்லை, வருவதற்கு ஒரு மூவ் முன்னால். கடைசி ரூக்கை மாற்றிக்கொள்வதா (இரு பக்கமும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்வதா) வேண்டாமா என்று யோசிக்கும் அந்த நிமிடத்தில். ரூக் எண்ட்கேமில் ஒரு சிப்பாய் குறைவாக இருந்தாலும் டிராவுக்குப் போராட இடம் நிறைய உண்டு. ரூக்கை மாற்றிக்கொண்டு சிப்பாய் எண்ட்கேமுக்குள் இறங்கினால் ஒரு சிப்பாய் அதிகம் என்பது பெரும்பாலும் வெற்றி. ஆகவே முன்னணியில் இருப்பவர் மாற்றத் துடிப்பார், பின்னால் இருப்பவர் தவிர்ப்பார். இது பொதுவிதி. ஆனால் பொதுவிதியை நம்பி மட்டும் மாற்றிவிடக் கூடாது. மாற்றியபின் வரும் நிலையைக் கடைசி வரை, ராணி வரும் வரை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். மற்ற காய் மாற்றங்களில் தோராயமாக நல்லது என்று முடிவெடுக்கலாம். இங்கே தோராயத்துக்கு இடமில்லை.

அப்படி எண்ணும்போது ராஜாக்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் சிப்பாய்கள் ஏமாற்றிவிடும். வெள்ளைச் சிப்பாய்கள் ஏ5, பி5, சி5, கறுப்புச் சிப்பாய்கள் ஏ7, பி7, சி7, ராஜாக்கள் இரண்டும் தூரத்தில், வெள்ளையின் முறை. மூன்றுக்கு மூன்று, சமம் என்று தோன்றும். பி6! ஏ சிப்பாயால் வெட்டினால் சி6. பி7 சிப்பாய் அதை வெட்டினால் ஏ6, இனி அதைத் தடுக்க ஆளில்லை. சி சிப்பாயால் வெட்டினால் மறுபக்கம் ஏ6, வெட்டு, சி6. இரண்டு சிப்பாய்களைக் கொடுத்து ஒன்றை ராணியாக்குவது. கறுப்பின் முறையாக இருந்திருந்தால் பி6 என்று தானே ஆடித் தடுத்திருக்கும். காய் எண்ணிக்கையை வைத்து "சமம்தான், மாற்றிக்கலாம்" என்று ரூக்கை மாற்றுகிறவர்கள் இந்த மாதிரி நிலைகளில்தான் மாட்டுகிறார்கள்.

எப்படிப் பழகுவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஒரு நிலையை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாக் காய்களையும் ஒரு ரேங்க் மேலே ஏற்றி வைத்து மறுபடி ஆடுங்கள். ஒரு ஃபைல் பக்கவாட்டில் தள்ளி வைத்து மறுபடி. எங்கே விடை மாறுகிறது, ஏன் மாறுகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் முக்கியக் கட்டம் மாறியிருக்கும், அல்லது பலகையின் ஓரம் குறுக்கே வந்திருக்கும். அப்புறம் பக்கம் மாறி உட்கார்ந்து தடுத்து ஆடுங்கள். எஞ்சினைத் திறந்து வைத்துக்கொண்டு பழகுவதை நான் ஊக்குவிப்பதில்லை. அது டிரா என்று சொல்லிவிடும். ஏன் டிரா என்று சொல்லாது. அந்த "ஏன்" இல்லாமல் அடுத்த நிலைக்கு எதையும் எடுத்துப்போக முடியாது.

இந்தப் பாதையில் கொஞ்ச தூரம் போனவர்கள் இணைக்கட்டங்கள் என்ற எண்ணத்துக்கு வந்து சேர்வார்கள். வெள்ளை ராஜா இந்தக் கட்டத்துக்கு வந்தால் கறுப்பு ராஜா அந்தக் கட்டத்தில் இருந்தே ஆக வேண்டும் என்று பலகை முழுக்க ஜோடி ஜோடியாக எழுதிவிடலாம். ஆப்போசிஷன் என்பது அந்த ஜோடிகளில் ஒரு வகை, கண்ணுக்கு நேராகத் தெரியும் வகை. ஓவியர் மார்செல் டூஷாம், பிரான்ஸ் அணிக்காக ஒலிம்பியாட்களில் ஆடியவர், 1932-இல் ஹால்பர்ஸ்டாட்டுடன் சேர்ந்து இந்த ஒரே விஷயத்துக்காக ஒரு முழுப் புத்தகம் எழுதினார். ராஜாக்களும் சில அசையாத சிப்பாய்களும் மட்டும் இருக்கும் பலகை ஒரு புத்தகத்துக்குத் தாங்குமா என்று கேட்பவர்களுக்கு, 1901-இலிருந்து லாஸ்கர், ரைக்ஹெல்ம் பெயர்களில் வழங்கிவரும் நிலையை எடுத்து நீட்டலாம்.

வெள்ளை ராஜா ஏ1, சிப்பாய்கள் ஏ4, டி4, டி5, எஃப்4. கறுப்பு ராஜா ஏ7, சிப்பாய்கள் ஏ5, டி6, எஃப்5. வெள்ளை ஆடி ஜெயிக்க வேண்டும். ஒரு சிப்பாயும் நகர முடியாது. வெள்ளை ராஜாவுக்கு உள்ளே போக இரண்டு பக்கம் வழி: இடப்பக்கம் பி5, வலப்பக்கம் ஜி5. கறுப்பு இரண்டையும் ஒரே ராஜாவால் காக்க வேண்டும். ஏ1-இலிருந்து வெள்ளை ராஜாவுக்கு மூன்று மூவ்கள் இருக்கின்றன, ஏ2, பி2, பி1. முன்னேற்றம் மாதிரியே தெரியாத பி1 ஒன்றுதான் ஜெயிக்கிறது. மற்ற இரண்டும் டிரா. ஒரு தாளில் பலகையை வரைந்துகொள்ளுங்கள். சி4-இல் வெள்ளை ராஜா இருந்தால் கறுப்பு எங்கே இருந்தாக வேண்டும் என்பதிலிருந்து தொடங்கி, ஜோடிக் கட்டங்களுக்கு ஒரே எண் போட்டுக்கொண்டு பின்னோக்கி வாருங்கள். ஏ1 வரை எண்கள் வந்து சேரும்போது பி1 ஏன் என்பது தாளிலேயே இருக்கும்.